துளைக்குழாயில் ஏறிய நீர்

ராஜபாளையம்,
நவம்பர் 10

அன்புத் தங்கை கனகலட்சுமிக்கு, அண்ணன் மாரீஸ்வரன் எழுதுவது.

இந்தக் கடிதம் நீண்டுவிடும் என்று தோன்றுகிறது. எதை எங்கே தேடுவது என்று நீ திண்டாடாமல் இருக்க, முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இங்குள்ளவர் நலம்
2. கண்மாய்த் தண்ணீர் எதுவரை வரும் என்ற கணக்கு
3. நான் அனுப்பும் குழாயை என்ன செய்வது
4. வேண்டாத முறையை விட்டுக்கொடுப்பது
5. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி

ஒன்று. முழங்கால் அறுவைக்குப் பிறகு வாசல் வரை நடக்கிறேன். பஸ் படி இன்னும் பயமாக இருக்கிறது. உன் மதினிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? உன் காது மிஷினை மாட்டிக்கொள்கிறாயா, பீரோவில்தான் இருக்கிறதா? போனில் உனக்குக் கேட்பதில்லை. நான் குரலை உயர்த்தினால் சொல்ல வந்ததே எனக்கு மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இரண்டு. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் கொட்டி ஓடையோடு போய்விட்டது, கண்மாய் பாதிதான் நிரம்பியது, பாசனச் சங்கம் ஒன்பது நாளுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒவ்வொருவரும் தம் முறைக்கு மூன்று மணி நேரம் முழுதாகத் திறந்தால், என் கணக்குப்படி தை பிறக்கும்போது கண்மாயில் சேறுதான் இருக்கும். அப்போதுதான் உன் நெல் பூத்துப் பால் பிடிக்கும். அதற்குத் தண்ணீர் மிஞ்ச வேண்டும். இந்தக் கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

மூன்று. மில் வேன் ஓட்டும் இம்மானுவேலிடம் ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்திருக்கிறேன். ஓர் அடி நீளம். கீழ்ப்பாதியில் துளையிட்டிருக்கிறேன். அந்தப் பாதியை வயலுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடு. மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அதற்குள் தெரியும். தரை காய்ந்திருந்தாலும் வேருக்கு நீர் எட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் எட்டு விரல் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்ந்த நெல் விளைச்சலில் குறைவதில்லை என்று வேளாண் துறையின் பயிற்சிக் கையேடு சொல்கிறது. பூக்கும் இரண்டு வாரம் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

நான்கு. எட்டு விரல் இறங்கும் முன் உன் முறை வந்தால், வேண்டாம் என்று மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லிவிடு. அது கண்மாயிலேயே கிடக்கட்டும். உன் ஒன்றரை ஏக்கர் உன் வரப்போடு முடிகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்து. புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருஷம் விளைச்சல் கணக்குக்காக ஊரார் வயலில் கயிறு கட்டி, அறுத்து, எடை போட்டவன் நான். ஒரு நாற்றுக்கூட நட்டதில்லை. ஆகையால் எங்கே தவறினாலும் தயங்காமல் சொல்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

மாரீஸ்வரன்

---

மடவார் வளாகம்,
நவம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினைந்து கிலோமீட்டருக்கு நான்கு நாள். நடந்து வந்திருந்தால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். இங்கே எல்லோரும் நலம். மதினியிடம் மாத்திரையை விட வேண்டாம் என்று சொல்லவும்.

குழாயைப் பதினைந்தாம் தேதி நட்டோம். உங்கள் மாப்பிள்ளை வரப்பில் நின்று, “ஏட்டி, வயலுக்குக் காச்ச பாக்கியாக்கும்? எம்புட்டு டிகிரி?” என்றார். அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதையே சொன்னார். ஆனால் குழாய் சாயாமல் மண் அணைத்தவரும் அவர்தான்.

நேற்று முறைத் தண்ணீர் பாய்ச்சினோம். இனிமேல் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் தினமும் அளந்து எழுதுகிறேன். கீழ்வயல் கருத்தம்மாள் வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை வேண்டாம் என்று சொல்லப்போவதாக நீர்ப்பாய்ச்சி சங்கிலிப்பாண்டியிடம் சொன்னேன். “யக்கா, யோசிச்சுத்தான் சொல்லுதியளா?” என்று கேட்டான்.

கனகலட்சுமி

---

ராஜபாளையம்,
நவம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. இங்கும் குறைவில்லை. இன்று கைத்தடியோடு தெருமுனை வரை போய் வந்தேன்.

ஒரே ஒரு சேர்க்கை. நான்காவது குறிப்பில் எழுத மறந்தது. விட்டுக்கொடுப்பதை வாயால் சொல்லாதே. இன்ன தேதி முறை எனக்கு வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. சங்கிலிப்பாண்டி அதைச் சங்கச் செயலாளர் மாரிசாமியிடம் சேர்க்கட்டும். பிற்பாடு தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தால் தாள் உன் பக்கம் நிற்கும். நான் வேலை பார்த்த காலத்தில் தாள் என்னை ஒருபோதும் கைவிட்டதில்லை.

அளவுகளை எதிர்பார்த்திருக்கும்,
மாரீஸ்வரன்

---

மடவார் வளாகம்,
டிசம்பர் 9

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் சளி, இப்போது பரவாயில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் இரண்டு முறையையும் விட்டேன். அளவுகள்:

நவம்பர் 26: தரைக்குக் கீழே இரண்டு விரல்
27: மூன்று விரல்
28: நான்கு விரல். முறை நாள். விட்டுக்கொடுத்தேன்
29: தரைக்கு மேலே ஒரு விரல்
டிசம்பர் 3: கீழே இரண்டு விரல்
7: ஐந்து விரல். முறை நாள். விட்டுக்கொடுத்தேன்
8: தரையோடு தரை

இடையில் மழை இல்லை. பயிர் கருகருவென்று தூர் கட்டியிருக்கிறது. பொரிவிளங்காய் உருண்டை பிடித்து இம்மானுவேலிடம் கொடுத்தேன். மதினிக்குக் கொடுக்காமல் நீங்களே தின்றுவிடவும்.

கனகலட்சுமி

---

ராஜபாளையம்,
டிசம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

உருண்டை வந்தது. உன் மதினி ஒன்றை எடுத்துவிட்டாள். மற்றபடி நலமே.

உன் அளவுகளை ஐந்து முறை படித்தேன். வரைபடம் போட்டும் பார்த்தேன். பாய்ச்சாத வயலில், மழையில்லாத நாளில், தண்ணீர் எப்படி ஏறும்? முதலில் நீ மாற்றி எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். பிறகு நான்தான் மாற்றிப் படிக்கிறேன் என்று நினைத்தேன். ஒருமுறை வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வயலை அறுத்து, பக்கத்து வயலின் சர்வே எண்ணில் எழுதிவிட்டேன். நானே போய் அதிகாரியிடம் சொன்னபோது அலுவலகமே சிரித்தது. அதிலிருந்து என் கண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. ஆகவே கேட்கிறேன்:

1. குழாயின் துளை அடைத்திருக்கிறதா? பிடுங்கிக் கழுவிப் பார்த்தாயா?
2. வரப்பில் நண்டு வளை உண்டா?
3. கண்மாய்க் கரை கசிகிறதா? அக்கம்பக்கத்து வயலிலும் ஏறுகிறதா?
4. அளப்பது நீயா, மாப்பிள்ளையா? ஒரே குச்சியா?
5. தண்ணீர் உன் வயலுக்குள் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது?

இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு குழப்பம். இரவில் விரல்களை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மாரீஸ்வரன்

---

மடவார் வளாகம்,
டிசம்பர் 21

அண்ணனுக்கு,

நலம். நீங்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

துளை அடைக்கவில்லை. கழுவித்தான் நட்டேன். நண்டு வளை இரண்டு இருந்தது, மிதித்து அடைத்தாயிற்று. கரை கசியவில்லை. அளப்பது நான், குச்சி ஒன்றுதான்.

பதினாறாம் தேதி காலை ஆறு விரல் கீழே இருந்தது. விட்டுக்கொடுத்தேன். பதினேழாம் தேதி மேலே ஒரு விரல்.

மார்கழிப் பனி அதிகம். காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கனகலட்சுமி

---

ராஜபாளையம்,
டிசம்பர் 27

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலமா? நான் காதைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஐந்தாவது கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை. விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தண்ணீர் ஏறிய நாட்கள் 29, 8, 17. மூன்றும் நீ விட்டுக்கொடுத்த முறைக்கு மறுநாள். ஆகவே அது கசிவும் இல்லை, நண்டும் இல்லை. நீ வேண்டாம் என்ற தண்ணீரை யாரோ வாய்க்காலில் திறந்து, உன் வயல் வழியாகக் கொண்டுபோகிறார்கள். உனக்குத் தெரியாமல் நடக்கிறது.

உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று செயலாளர் மாரிசாமிக்கு நானே கடிதம் எழுதி, உன் அளவுகளையும் நகலெடுத்து இணைத்து, நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். திருட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை. ‘விளக்கம் தேவைப்படும் நீர்’ என்றுதான் எழுதினேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு, திரும்ப எடுக்க முடியுமா என்று அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஆனாலும் பயிர் பூக்கும்போது கண்மாயில் தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? சரியாகத்தான் செய்திருக்கிறேனா என்று நீ ஒரு வரி எழுது.

மாரீஸ்வரன்

---

ராஜபாளையம்,
ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நேற்றுப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். “இருக்கோம்” என்றார், வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை.

வரிசைப்படுத்தி எழுத எதுவும் இல்லை. பூத்துவிட்டதா? வயலில் தண்ணீர் நிற்கிறதா?

மாரீஸ்வரன்

---

மடவார் வளாகம்,
ஜனவரி 13

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் விட்டுவிட்ட ஐந்தாவது கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். வாய்க்காலில் இருந்து தண்ணீர் எங்கள் வயலுக்குள் வருகிறது. எங்கள் தெற்கு வரப்பில் வாமடை இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் கருத்தம்மாளின் அரை ஏக்கருக்குப் போகும். அவளுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கும் அவளுக்கும் ஒரே முறைதான். நாங்கள் நிறையப் பாய்ச்சுவோம், பொறவு அவளுக்குத் திறப்போம். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. எழுத வேண்டியது என்று தோன்றியதும் இல்லை.

முதல் சீட்டைக் கொடுத்த அன்று காலையில் அவள் வந்து வரப்பில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாளும் வந்து நின்றிருந்தாள். நான் முறையை விட்டால் அவளுடையதும் சேர்ந்து போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டு போய்விட்டது. சங்கிலிப்பாண்டியிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் மட்டும் திறந்தான். அது எங்கள் வயலை நனைத்துக்கொண்டுதான் அவளுக்குப் போக முடியும். மீதி இரண்டு மணி நேரம் கண்மாயில் கிடக்கட்டும் என்று, ஒவ்வொரு முறையும் சீட்டைக் கொடுத்துவிட்டு அப்படித்தான் செய்தோம். டிசம்பர் கடைசி முறையும் அப்படியே.

உங்களுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதினால், உங்கள் குழாய் கெட்டுவிட்டது என்று வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தேன். அதனால் அளவை மட்டும் எழுதினேன்.

முப்பதாம் தேதி கூட்டம் போட்டார்கள். மாரிசாமி என் சீட்டுகளையும் உங்கள் கடிதத்தையும் மேஜையில் பரப்பினார். “வேண்டாம்னு கையெழுத்தும் போட்டாச்சு. எடுத்துக்கிட்டாகன்னு கூடப்பிறந்தவுகளே கணக்கும் அனுப்பியாச்சு. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?” என்றார். சிலர் சிரித்தார்கள். உங்கள் மாப்பிள்ளை எழுந்தார். “ஏலே மாரிசாமி, மூணு மணி நேரத் தண்ணியில ரெண்டு மணியக் கம்மாயிலயே விட்டுட்டு ஒரு மணிய எடுத்தவ கள்ளி. மூணு மணியும் வாங்கி ரோட்டுல வழிய விட்டவன்லாம் யோக்கியன். அப்படித்தான?” என்றார். பொறவு பெரிய சத்தம். சங்கிலிப்பாண்டியை எல்லோரும் ஏசினார்கள். சங்கம் மறுபடி முடிவு செய்யும்வரை எங்கள் முறையை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு நிறுத்தினால் அவளுக்கும் நிறுத்தியதுதான்.

மூன்றாம் தேதி முறையும் போயிற்று, நேற்றைய முறையும் போயிற்று. நெல் பூத்து நிற்கிறது. குழாயில் எட்டு விரலுக்கும் கீழே விட்டாலும் குச்சியில் ஈரம் இல்லை. அடுத்தது இருபத்தொன்று. அதுவும் போனால் இரண்டு வயலும் வைக்கோல்தான்.

உங்கள் மேல் கோபம் என்று எழுதலாமா, வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

கனகலட்சுமி

---

ராஜபாளையம்,
ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. உன் மதினி சாப்பிடக் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெளிவானவற்றை எழுதுகிறேன்.

1. என் அட்டவணையில் அளவுகள் எல்லாம் சரி. ஆனால் ஒரு முறையில் பாயும் இரண்டு வயலில் ஒன்றை மட்டும் முழு வயல் என்று எடுத்துக்கொண்டேன். பாதியை முழுது என்று வைத்துப் போட்ட கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கணக்கு ஆகாது.
2. சீட்டில் எழுதிக் கொடு என்றது என் யோசனை. நீ விட்டுக்கொடுத்தது உன்னுடையது மட்டும் அல்ல. உன்னுடையது அல்லாததை உன் கையெழுத்து விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே அந்தச் சீட்டுகள் செல்லாது.
3. கருத்தம்மாளும் வாய் திறந்து கேட்டிருக்கலாம். முதல் நாளே கேட்டிருந்தால் நீ சீட்டே கொடுத்திருக்க மாட்டாய். இந்தப் பிழையில் ஒரு சிறு பங்கு அவளுக்கும் உண்டு.
4. முதல் இரண்டையும் விளக்கி மாரிசாமிக்குப் புதுக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு வயலுக்கும் ஒரே கணக்கு வைக்க வேண்டும். குழாயைக் கீழ்வயலின் கடைசி மூலையில் நட்டு, அங்கே எட்டு விரல் இறங்கினால் இரண்டுக்குமாகச் சேர்த்துத் திறக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. தபாலில் போட்டால் இருபத்தொன்றுக்குள் போய்ச் சேருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாரீஸ்வரன்

---

ராஜபாளையம்,
ஜனவரி 22

அன்புத் தங்கைக்கு,

நேற்று உன் ஊருக்கு வந்துவிட்டு உன் வீட்டுக்கு வராமல் திரும்பினேன். மாப்பிள்ளை சொல்லியிருப்பார். என்ன நடந்தது என்பதை நானும் சொல்லிவிட வேண்டும்.

காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மாரிசாமியின் உரக்கடைக்கு நான் போனபோது அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த நான்கு வாக்கியமும் போய்விட்டன. கடிதத்தை நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்க, “அப்போ நீங்க மொதல்ல எழுதினது தப்புங்கியளா?” என்றார்.

“அளவு சரி. வயல் தப்பு” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். உரமூட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான், “அந்த ரெண்டுக்கும் ஒத்த முறைதானப்பா. ஊருக்கே தெரியும். எழுதிக் கேட்டாத்தான் ஒங்களுக்கெல்லாம் வெளங்குது” என்றார். மாரிசாமி அந்தச் சீட்டுகளை மேஜையிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்தார். சங்கத்தில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். அங்கிருந்தே சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டு, பத்து மணிக்கு மடையைத் திறக்கச் சொன்னார். சங்கிலிப்பாண்டி எத்தனை மணி நேரம் என்று கேட்டது எனக்கே கேட்டது. “மூணு மணி, முழுசா” என்றார்.

ஆட்டோ பிடித்து வயலுக்குப் போனேன். மாப்பிள்ளை மண்வெட்டியோடு நின்றார். துண்டை வரப்பில் விரித்து உட்காரச் சொன்னார். நீ மருந்து வாங்கப் போயிருப்பதாகவும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் பிறகு சொன்னார். உன் மதினி தனியாக இருப்பாள் என்று சாக்குச் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிரம்பி, வாமடையைத் தாண்டிக் கீழ்வயலுக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் என் பழைய வழக்கப்படி இரண்டு வயலிலும் கதிரை அமுக்கிப் பார்த்தேன். உன் வயலில் பத்துக்கு எட்டில் பால் இருந்தது. கருத்தம்மாள் வயலில் பத்துக்கு ஐந்து. மற்றவை பதர். அதற்கு இனிமேல் எந்தத் தண்ணீரும் உதவாது. நேற்று வந்தது, இருக்கும் ஐந்தைக் காப்பாற்றும். அவளுக்குப் பாதி விளைச்சல்தான் வரும். இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வாமடைக்கு அந்தப் பக்கம் நின்று, தண்ணீரைக் கையால் மண் ஒதுக்கித் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னேன். தெரியும் என்று தலையசைத்தாள். முதலிலேயே உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் போய் விழுந்திருக்கும். அவள் நிமிராமலே சொன்னாள்:

“அவிய முறைத் தண்ணிய எனக்குத் தாங்கன்னு எப்படிங்கய்யா வாய்விட்டுக் கேக்க? ரெண்டு நாளு களையெடுப்புக் கூலிய விட்டுட்டு வரப்புல வந்து நின்னேன். அக்காவுக்கு வெளங்கிருச்சுல்லா.”

ஆட்டோ வரும்வரை அங்கேயே நின்றேன்.

உன் மதினி உங்கள் இருவரையும் விசாரிக்கிறாள். கால் சற்று வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அறுப்புக்கு முன் நான் வந்து நிற்கிறேன். அதற்குள் உனக்கு எழுதத் தோன்றினால் எழுது, ஏசி எழுதினாலும் சரி.

சென்ற கடிதத்தின் மூன்றாவது குறிப்பை அடித்துவிடு. கருத்தம்மாள் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு. அவள் இரண்டு நாள் கேட்டிருக்கிறாள்.

மாரீஸ்வரன்